கரட்டுப்பட்டிக்குக் கயிறு வண்டி வந்த விதம்

கரட்டுப்பட்டிக்குள் பஸ் வராது. மெயின்ரோட்டில் ஊர்ப்பாதை பிரிகிற விலக்கு வரைக்கும்தான் வரும். விலக்கில் இறங்கி, புளியமரங்கள் முடிந்து, வாழைத்தோப்பு முடிந்து, தண்ணீரை மறந்துபோன ஓடை ஒன்றையும் தாண்டி, இதற்கு மேல் ஊர் இருக்காது என்று புது ஆள் திரும்பிவிட நினைக்கும் இடத்தில், கரடு என்கிற மொட்டைக் குன்றின் காலடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது அந்த ஊர். அங்கே வாக்கப்பட்டுப் போனவள் செல்லக்கனி. அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. கூடப் பிறந்தது பவுன்தாய் என்ற தங்கச்சி மட்டும்தான். பவுன்தாய் ஆண்டிப்பட்டிப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்தாள், கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்ற கவலையும் அவளுக்கு இல்லை, அக்கா மகள் ஓவியா மேல் மட்டும் உயிரையே வைத்திருந்தாள்.

ஓவியாவுக்குக் காதுகுத்து என்று நாள் குறித்ததும், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும், மாமனுக்கு எங்கே போவது என்ற பேச்சு ஊருக்குள் கிளம்பியது.

"மாமன் என்ன மாமன், நான் இருக்கேன்ல?" என்றாள் பவுன்தாய் போனில். "நானே சீர் கொண்டாந்து என் மடியில வச்சுக்கிறேன்க்கா."

செல்லக்கனி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நீ வா, பாத்துக்கலாம்" என்றாள்.

அப்படியென்றால் கொண்டுபோகும் சீர் பிள்ளை மனசில் நிற்க வேண்டும் என்று பவுன்தாய் தேனிக்குப் போய்ப் பொம்மைக்கடை பொம்மைக்கடையாக ஏறி இறங்கினாள். ஒரு கடையில் கண்ணை மூடித் திறந்து அம்மா என்று கூப்பிடும் பொம்மை இருந்தது. இன்னொரு கடையில் பட்டனை அமுக்கினால் தானே ஓடி, தானே திரும்பி, தானே பாட்டும் பாடுகிற கார். அதற்கும் அடுத்ததில் அடுப்பு, அடுப்பின் மேல் பானை, பானைக்குள் சோறு, சோற்றின் மேல் குழம்பு வரைக்கும் பிளாஸ்டிக்கில் ஊற்றி வைத்திருந்த சமையல் சாமான். எல்லாவற்றையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கடைக்காரரிடம் கேட்டாள்:

"எல்லாத்தையும் இதுவே செஞ்சுருதேண்ணே, பிள்ளைக்கு என்ன வேலை மிச்சமிருக்கு?"

"பிள்ளை பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றார் அவர்.

அவள் வெளியே வந்துவிட்டாள். மார்க்கெட்டை ஒட்டி ஒரு கயிற்றுக்கடை. அங்கே சுருண்டு கிடந்த வெள்ளைப் பருத்திக் கயிறு ஒன்றைச் சும்மா தொட்டுப் பார்க்கத்தான் எடுத்தாள். எடுத்ததும் அது கையில் வட்டமாக வளைந்து நின்றது, உதறினால் பாம்பாக நெளிந்தது, தரையில் விட்டால் கோடாகக் கிடந்தது, தோளில் போட்டால் மாலையாகத் தொங்கியது. நட்டநடு பஜாரில், பட்டப்பகலில், பவுன்தாய்க்கு விளையாட வேண்டும் போல் உள்ளங்கால் குறுகுறுத்தது.

"கிணத்துக்கா, மாட்டுக்கா?" என்றார் கயிற்றுக்கடைக்காரர்.

"பிள்ளைக்கு."

"தூளி கட்டவா?"

"எதுக்குன்னு அவதான் சொல்லணும்" என்று சொல்லி, சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

காதுகுத்து அன்றைக்குக் கொட்டு முழங்க, தட்டை ஏந்தி அவள் பந்தலுக்குள் நுழைந்தபோது, வாழைப்பழத்துக்கும் பாவாடை சட்டைக்கும் நடுவில் சுருண்டிருந்ததைப் பார்த்துப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். நல்ல காரியத்தில் கயிற்றையா கொண்டுவருவார்கள் என்று ஒருத்தி கேட்டாள், பிள்ளைக்கா கன்னுக்குட்டிக்கா என்று இன்னொருத்தி கேட்டாள், சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிவனாண்டி வந்தான். அக்கா தங்கச்சி இருவருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் அவன், அதே ஊரில் உரக்கடை வைத்திருந்தான், கொண்டுவந்தது பேட்டரி கார். பட்டனை அமுக்கியதும் கார் பந்தலைச் சுற்றிவந்து பாட்டுப் பாடியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"ஒரு கொலுசாச்சும் வாங்கியாந்திருக்கக் கூடாதா, பவுனு" என்றாள் செல்லக்கனி மெல்ல. அவள் கண் கலங்கியிருந்தது. மணையில் சிவனாண்டி உட்கார்ந்தான், அவன் மடியில் ஓவியா உட்கார்ந்தாள், காது குத்தியாயிற்று.

பவுன்தாய் பந்தலுக்குப் பின்னால், சமையல் நடக்கும் இடத்தில், கவிழ்த்துப் போட்ட அண்டா ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள், ஆனால் அழுகை வந்தது, அதைப் புகை என்று சமையல்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் காதெல்லாம் சிவக்க ஓவியா வந்து நின்றாள். கார் அதே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறதாம், அவளுக்கு அலுத்துவிட்டதாம். அவள் கையில் கயிறு இருந்தது.

"இது எனக்கா சித்தி?"

"உனக்குத்தான்."

"இது என்னது?"

"நீதான்டி சொல்லணும்."

ஓவியா கயிற்றைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், மறுபடி கயிற்றைப் பார்த்தாள். காது குத்தியதில் அழுது வீங்கியிருந்த அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. "பஸ்" என்றாள்.

இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டதும், காதுகுத்துக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் திபுதிபுவென்று அந்த வளையத்துக்குள் ஏறிக்கொண்டார்கள், முன்னால் டிரைவர் ஓவியா, பின்னால் கண்டக்டர், நடுவில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்ட கூட்டம், வேப்பிலைதான் டிக்கெட், எல்லா வாயும் சேர்ந்து புர்ர்ர் என்று உறும, பந்தலை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், அடுத்த சுற்றில் புழுதி கிளம்பியது, அதற்கடுத்த சுற்றில் புழுதி மட்டும் இருந்தது, பிள்ளைகள் இல்லை. சமையல்காரர் சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டித் திரும்புவதற்குள் அவர்கள் திரும்பியும் வந்துவிட்டார்கள். முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தார்கள், விரலிடுக்கில் எல்லாம் கடல் மணல், ஓவியாவின் பாவாடையில் உயிரோடு ஒரு நண்டு தொங்கியது.

"எங்கத்தா போனீங்க?" என்றாள் பவுன்தாய்.

"கடல் ஸ்டாப்பிங் வரைக்கும்" என்றாள் ஓவியா. "கூட்டமே இல்ல."

பந்தலில் இருந்தவர்கள் நண்டைப் பார்த்தார்கள், மணலைப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பந்தி நின்றுபோகவில்லை. ரசம் கேட்டுக் கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் இலையில் இருந்து தலையைத் தூக்கி, "இது தேனி வழியாப் போகுமா?" என்று கேட்டார்.

போனது. மறுவாரமே சந்தைக்குப் போகிறவர்கள் கூடையோடு வந்து நின்றார்கள், ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிறவர்கள் வந்தார்கள், சினிமாவுக்குப் போகிற இளவட்டங்கள் வந்தார்கள். வார லீவில் பவுன்தாய் வரும்போதெல்லாம் ஊர் ஒரு படி மாறியிருந்தது. கயிறு வண்டியின் சட்டதிட்டங்களைக் கரட்டுப்பட்டி, மழை எப்போது வரும் என்று தெரிந்துகொள்கிற மாதிரி, பட்டுப் பட்டே தெரிந்துகொண்டது. டிக்கெட்டுக்கு வேப்பிலை இல்லாதவன் ஏறமுடியாது, காசு கொடுத்தால் கண்டக்டர் பிள்ளை சிரிக்கும். எல்லாரும் வாயால் உறும வேண்டும். வெட்கப்பட்டுப் பாதியில் வாயை மூடியவர்களை வண்டி அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடும். அப்படி ஒருத்தர் வாழைத்தோப்புக்கு நடுவில், டிக்கெட் வேப்பிலையும் கையுமாக, வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். அதனால் டீக்கடையில் பெரியவர்கள் காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டு புர்ர்ர் பழகினார்கள். மாமியாரும் மருமகளும் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டார்கள், கயிற்றுக்கு ஏது ஜன்னல் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கும் தேனிக்கும் நடுவில் யானை ஸ்டாப்பிங் என்று ஒன்று உண்டு. அங்கே ஓவியா நிறுத்துவாள், யானை ஏறும், எல்லாரும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளி ஒட்டி நிற்பார்கள். அந்தப் பக்கம் ஏதோ பெரிதாக, வெதுவெதுப்பாக, கரும்பு வாசனையோடு உரசிக்கொண்டு வரும்.

ஊராட்சித் தலைவர் தவமணி ஒருத்தர்தான் இதற்குப் படியவில்லை. வெள்ளைச் சட்டை கசங்காமல் வளையத்துக்குள் வந்து நிற்பார், தோளைப் பிடிப்பார், ஆனால் உறுமமாட்டார். "தலைவன் வாயால பஸ் விட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?" என்பார். கயிறு அவரை ஊடுருவிக்கொண்டு போய்விடும், அவர் புழுதியில் தனியாக நிற்பார், பிறகு விலக்கை நோக்கி நடப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுன்தாயும் ஏறினாள். புர்ர்ர் என்று அடிவயிற்றில் இருந்து உறுமியபடி அவள் ஓடினாள், கால் தரையில் படுகிறதா என்று தெரியவில்லை, புளியமரங்கள் பின்னால் பறந்தன, முன்னால் ஓவியாவின் ரெட்டைச் சடை துள்ளியது. தான் வாங்கிக் கொடுத்த கயிற்றுக்குள் தானே ஒரு பிள்ளையாக ஓடியதில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காதுகுத்தில் பட்ட அவமானம் வழியில் எங்கோ இறங்கிப் போயிருந்தது.

சிவனாண்டிக்குத்தான் இந்த வண்டியை இப்படிச் சும்மா ஓடவிடுவதா என்று மனசு கேட்கவில்லை. மடியில் வைத்துக் காது குத்திய மாமன் என்ற உரிமையில் அவன் நிர்வாகத்தைக் கையில் எடுத்தான். காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நடை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை, சந்தைக்கு ஒரு நடை, சாயங்காலம் எல்லாரையும் திருப்பிக் கூட்டிவர ஒரு நடை என்று கோவில் மைக்கில் அறிவித்தான். யானை ஸ்டாப்பிங்கால் நேரம் வீணாகிறது, அது ரத்து என்றான். ஊருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஓவியா தூக்கக் கண்ணோடு காலையில் வந்து நின்றாள், பள்ளிக்கூடம் விட்டதும் வந்து நின்றாள், மற்றப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடலுக்குப் போகலாமா என்று கேட்டால், "கடல்ல யாருக்குத்தா வேலை இருக்கு, வண்டியை எடு" என்றான் சிவனாண்டி.

ஒரு திங்கட்கிழமை காலையில் வண்டி எடுக்கவில்லை.

அன்றைக்கு என்று பார்த்து, ஊரில் முதல்முதலாக நர்சுப் படிப்புக்குத் தேர்வாகியிருந்த தேன்மொழி மதுரையில் நேர்காணலுக்குப் போய்ச்சேர வேண்டும். போகாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். கயிறு வண்டி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அவள் வீட்டில் நிதானமாகத் தலைபின்னி, பூ வைத்து, சாமி கும்பிட்டுவிட்டு வந்தார்கள். விலக்கில் நிற்கிற காலை பஸ் போய்விட்ட நேரம் அது. எல்லாரும் உறுமினார்கள், ஓடினார்கள், பந்தல் போட்ட இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், மூச்சிரைத்தது, கயிறு வெறும் கயிறாகவே இருந்தது. தேன்மொழியின் அம்மா தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏத்தா, ஒழுங்கா ஓட்டு" என்று அதட்டினான் சிவனாண்டி.

ஓவியா கயிற்றைக் கீழே போட்டாள். "எனக்கு பஸ் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடி, கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். வாசலில் ஊரே திரண்டது. கெஞ்சினார்கள், மிட்டாய் காட்டினார்கள், ஒருத்தி திட்டினாள், செல்லக்கனி மகளை அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். ஞாயிறு லீவுக்கு வந்து இன்னும் திரும்பிப் போகாமல் இருந்த பவுன்தாய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"விடுக்கா. பிள்ளைக்குக் குடுத்தது விளையாட்டுச் சாமான். நாமதான் அதை வேலையாக்கிப்பிட்டோம்."

"அப்ப தேன்மொழி கதி?" என்றாள் செல்லக்கனி.

தெருவில் அழுகிற பெண்ணும் பவுன்தாய்க்கு முக்கியம், கட்டிலுக்கு அடியில் அழுகிற பெண்ணும் முக்கியம். அவள் தெருவில் கிடந்த கயிற்றை எடுத்துவந்து, முடிச்சை அவிழ்த்து, தரையோடு தரையாகப் படுத்து, கட்டிலுக்கு அடியில் தானும் புகுந்துகொண்டாள். பவுன்தாய் தேன்மொழியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கயிற்றின் நுனியைச் சும்மா ஆட்டினாள். அது அலை அலையாக நெளிந்தது.

ஓவியா வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு மறு நுனியைப் பிடித்து அவளும் ஆட்டினாள். அலை இன்னும் பெரிதாக வந்தது.

"இது பஸ் இல்ல சித்தி."

"சரி."

"இது ஆறு."

அவள் கட்டிலுக்கு அடியில் இருந்து வெளியே வந்தாள், வாசலில் நின்ற கூட்டம் தானாக வழிவிட்டது, கயிற்றின் ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு மீதியைத் தெருவின் சரிவில் வீசினாள். வெள்ளையாக ஓடி விழுந்த கயிறு அகலமானது, பளபளத்தது, சலசலத்தது, கோழிகள் கூரை மேல் ஏறின, ஆடுகள் மேட்டுக்கு ஓடின, முழங்கால் அளவு, இடுப்பளவு என்று தெருவை நிறைத்துக்கொண்டு தண்ணீர் புறப்பட்டு ஓடையில் இறங்க, ஓடைக்குத் தன் பழைய வேலை ஞாபகம் வந்து, அது அந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டு வாழைத்தோப்பைப் பார்க்க விரைந்தது. யாரும் மலைத்து நிற்கவில்லை. அதற்கு நேரம் இல்லை. "அண்டாவைக் கொண்டாங்க" என்று பவுன்தாய் கத்தினாள். கோவிலில் இருந்த பெரிய பொங்கல் அண்டாவை உருட்டிவந்து தண்ணீரில் இறக்கினார்கள், சான்றிதழ்ப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு தேன்மொழி ஏறினாள், பொங்கல் கிண்டுகிற துடுப்பை எடுத்துக்கொண்டு பவுன்தாய் ஏறினாள்.

"நீ வரலையாத்தா?" என்று கேட்டாள்.

"நான் ஆத்தைப் பிடிச்சுக்கிறேன்" என்றாள் ஓவியா, நுனியை விடாமல். "நீ வெரசாப் போ."

அண்டா புறப்பட்டது. சுழன்று, பாறையில் இடித்து, நேராகி, வேகம் பிடித்தது. பவுன்தாய்க்கு நீச்சலும் தெரியாது, படகும் தெரியாது, ஆனால் துடுப்பைப் போடப் போட அண்டா அவள் சொன்னபடி கேட்டது, தண்ணீர்த்துளி முகத்தில் அறைந்தது, தேன்மொழி ஒரு கையால் பையையும் மறு கையால் பவுன்தாயின் இடுப்பையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பின்னால் ஒரு பெரிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், ஊராட்சித் தலைவர் தவமணி வெள்ளைச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அரைஞாண் தெரிய, மேட்டில் இருந்து தலைகீழாகக் குதித்திருந்தார். சின்ன வயதில் கிணறு கிணறாக நீந்திய மனுஷன். அவர் வாயில் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு, புர்ர்ர் என்று உறுமியபடி, அண்டாவை முட்டித் தள்ளிக்கொண்டே விலக்கு வரைக்கும் நீந்தி வந்தார். அவருக்குப் பின்னால் கட்டிலில், கதவில், மாட்டுத்தொட்டியில் ஊர் மிதந்து வந்தது. கரையில் ஓடிவந்த செல்லக்கனி, பக்கத்தில் ஓடியவளிடம் மூச்சிரைக்கச் சொன்னது தண்ணீரின் மேல் மிதந்துவந்து பவுன்தாயின் காதில் விழுந்தது: "என் பிள்ளைக்கு மாமன்னா அவதான்டி."

விலக்கைத் தாண்டி, கண்மாய்களுக்குள் புகுந்து வெளியேறி, வைகையில் சேர்ந்து, வறண்ட மணலை நனைத்துக்கொண்டு அண்டா மதுரைக்குள் நுழைந்தபோது, பாலத்தில் நின்றவர்கள், "அணையைத் தொறந்துட்டாய்ங்க போல" என்று பேசிக்கொண்டார்கள். பவுன்தாய் படித்துறையில் அண்டாவை ஒதுக்கினாள். தேன்மொழி இறங்கி, பாவாடையைப் பிழிந்துவிட்டு, ஓடினாள். அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே உள்ளே போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது. தரையெல்லாம் ஈரமாக்கியதற்கு வாசலில் இருந்தவர் திட்டினாராம். இடம் கிடைத்துவிட்டது.

திரும்பி வருகையில் ஆறு மேல்நோக்கி ஓடியது. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, திரும்பி வர வேண்டும் அல்லவா. ஊரில் பெண்கள் வருஷக்கணக்கான ஜமுக்காளங்களை எல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள், பிள்ளைகள் தோல் சுருங்கச் சுருங்கத் தண்ணீரில் கிடந்தார்கள், சிவனாண்டி மூட்டைகளைக் காப்பாற்றுவதற்காக உரக்கடைக்குள் போனவன், காப்பாற்றியபின் அங்கேயே காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மீன் ஒன்று அவன் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது, அவன் அதை விரட்டவில்லை.

வெயில் இறங்கும் வரைக்கும் நுனியை விடாமல் நின்ற ஓவியா, "கை வலிக்குது" என்றாள். பவுன்தாய் மறுபக்கம் பிடிக்க, இருவரும் சேர்ந்து ஆற்றைச் சுருட்டினார்கள்.

"நாளைக்கும் ஆறுதானத்தா?" என்று கேட்டான் சிவனாண்டி. கேட்டதும் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மறுநாள் பவுன்தாய் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டாள். பொழுது விடிந்து அவள் வாசலுக்கு வந்தபோது ஊரே தெருவில் நின்றது. சாப்பாட்டுத் தூக்கோடு நின்றார்கள், குடையோடு நின்றார்கள், சிலர் கம்பளியும் சுமந்து நின்றார்கள், ஒருத்தர் ஏணி எடுத்து வந்திருந்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. தவமணி பனியனோடு வந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓவியா பல் விளக்கி, காபி குடித்து, கயிற்றைத் தூக்கிக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னத்தா இன்னைக்கு?" என்றாள் பவுன்தாய்.

"இருங்க, யோசிக்கிறேன்" என்றாள் ஓவியா.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.